காருக்குக் கட்டிய சலங்கை

பெரம்பலூர்
9-2-2004

அன்புள்ள சிவரஞ்சனிக்கு,

இங்கே அப்பாவும் நானும் காரும் சௌக்கியம். பூனாவில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நீ என்னை ஒரு சொல் கடிந்ததில்லை, சித்தி என்று கூப்பிட்டதும் இல்லை, வாங்க போங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாய். எனக்கும் உன்னை நீ என்பதா நீங்க என்பதா என்று தெரியாமல், சாப்பாடு ஆயிடுச்சு என்று சுவரைப் பார்த்துச் சொல்லியே காலம் போய்விட்டது. கடிதத்தில் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் துணிந்து நீ என்று எழுதுகிறேன். எங்கள் ரெட்டிபாளையத்து வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார், ஆனால் அந்தக் காலேஜில் இப்படி ஒரு கடிதம் எழுதச் சொல்லித் தரவில்லை. இதுவரை கிழித்த தாளில் ஒரு மாதத்துக்குப் பலசரக்கு மடிக்கலாம். சரி, காருக்கு வருகிறேன்.

உன் அப்பா புல்லட்டை விற்றுவிட்டு, கரண்டில் ஓடுகிற கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பெட்ரோல் கிடையாது, ராத்திரி முழுக்க வீட்டு பிளக்கில் சொருகி வைத்தால் மறுநாளைக்கு ஓடும். எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டதற்கு, இருநூறு அடி ஆழத்துத் தண்ணியத் தூக்குற மோட்டார இத்தன வருசமா ஊருக்கெல்லாம் விக்கிறேன், அது என்னத் தூக்காதா என்றார். கார்த்திகையில் பெங்களூரிலிருந்து லாரியில் வந்து நம் மோட்டார் கடை வாசலில் இறங்கியது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் உட்காருவதென்றால் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது. எதிர்க்கடை வைத்திலிங்கம் முன்மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே எஞ்சினைக் காணாமல் முகம் வெளுத்து, மாமா ஏமாத்திப்புட்டானுவோ, லாரி போறதுக்குள்ள புடிங்க என்று கத்த, இரண்டு பேர் லாரியை மறிக்கவும் ஓடிவிட்டார்கள். அப்புறம் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, பூசாரி கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அப்பா உள்ளே உட்கார்ந்து சும்மா காலை வைத்துப் பார்த்திருக்கிறார், சத்தமே இல்லாமல் கார் நகர்ந்துவிட்டது. பூசாரி கண்ணைத் திறந்தபோது முன்னால் நான்கு நசுங்கிய பழம்தான் இருந்தது. கற்பூரத் தட்டோடு அவர் காருக்குப் பின்னால் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். தீர்த்தம் மட்டும் தெளிக்க மாட்டேன் என்றுவிட்டார், கரண்டு வண்டியாம்.

இந்தக் காருக்கு கியர் இல்லை, கிளட்ச் இல்லை, முன்னே பின்னே போக ஒரு திருகு மட்டும்தான். அப்பாவின் இடது கால் இன்னும் நம்பவில்லை, இல்லாத கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிக்கிறது, உடனே நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு வணக்கம் சொல்கிறோம். என் அம்மாவைப் பார்க்க அரியலூர் வழியாக ரெட்டிபாளையம் போனோம். சிமெண்டு லாரிகளுக்கு நடுவில் எங்களைப் பார்த்து டிரைவர்கள் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். திரும்பிவர சார்ஜ் போதாது என்று அம்மா வீட்டு பிளக்கில் சொருகினார், அந்த வரிசைக்கே பீஸ் போய்விட்டது. சரியாக எட்டு மணி சீரியல் நேரம். மாப்பிள்ளை என்பதால் யாரும் அடிக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், கோயிலா கல்யாணமா என்று பார்க்காமல் ஆரம்பித்துவிடுவார், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வரைக்கும் சொல்லித்தான் நிறுத்துவார். நம் தெருவில் வணக்கம் சொல்கிறவர்கள்கூட இப்போது காரைப் பார்க்காத மாதிரி வணக்கம் சொல்கிறார்கள்.

ஆனால் தெருவுக்கு வந்த உண்மையான கஷ்டம் வேறு. புல்லட் இருந்தவரை அப்பா தெருமுனை திரும்பும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும், கடையில் சீட்டுக்கட்டு உள்ளே போகும், குழாயடிப் பேச்சு நிற்கும். இந்தக் கார் பக்கத்தில் வந்து நின்றால்தான் மாவு மெஷின் எங்கோ ஓடுவது போல மெல்ல ஒரு முனகல். முதலில் மாட்டியது கடை மெக்கானிக் குருநாதன். தோளில் துண்டைப் போட்டு, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, ஒயரு என்ன ஒங்கப்பன் வூட்டுதா, இந்தச் சுத்து சுத்துற என்று அப்பா மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டிருந்தான், எல்லோரும் சிரிப்பதை நிறுத்தியும் அவனுக்குப் புரியவில்லை. அப்பா பின்னாலேயே நின்று, தொப்ப இன்னுங் கொஞ்சம் தள்ளணும்டா என்றாராம். அடுத்து மாட்டியது நான். நான் பாடுவேன் என்பது அவருக்குத் தெரியாது, தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன். அடுக்களையில் அம்மி சத்தத்தோடு சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தவள் திரும்பினால், கதவோரம் சாவியைப் பிடித்தபடி நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பில்லாததையும் சொல்லவில்லை.

மூன்றாவதாக மாட்டியது எதிர்வீட்டு ஜெகதாம்பாள் அக்கா. இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, பெத்த மககூடப் பேச மாட்டாராம், கரண்டு வண்டிகூடத்தான் பேசுவாராம், அது எதுத்துப் பேசாதுல்ல என்று சொல்லி முடிக்கும்போது கார் அவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் வாசலில் இருந்தேன். அப்பா கோபப்படவில்லை. இறங்கி, கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். ஜெகதாம்பாள் அக்கா பாதிக் குடத்தோடு போய்விட்டார்.

மாட்டுப் பொங்கலன்று தெரு பழி தீர்த்துக்கொண்டது. அன்றைக்கு மாட்டோடு வண்டிகளையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள் அல்லவா, அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ராசாத்தி விற்றுவிட்ட காளையின் கழுத்துச் சலங்கையைக் கொண்டுவந்து காரின் முன்னால் கட்டிவிட்டாள். முடிச்சுப் போட்டது ஜெகதாம்பாள் அக்கா. அன்றைக்குக் கட்டியதை அவிழ்க்கக் கூடாது என்று அப்பாவுக்கும் தெரியும். அதனால் பெரம்பலூரில் இப்போது ஒரு கார் ஜல் ஜல் என்று போகிறது, சீட்டுக்கட்டு நேரத்துக்கு உள்ளே போகிறது, குழாயடியில் நிம்மதி.

இன்னொரு சேதி, சிரிக்காதே, நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழைய பழக்கம் எதுவும் இல்லாத காலாச்சே, அதனால் உன் அப்பாவைவிடச் சீராக ஓட்டுகிறது. அவரே கற்றுக்கொடுத்துவிட்டு அவரே வருத்தப்படுகிறார். முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டியிருக்கிறேன், பக்கத்தில் ராசாத்தி உட்காருவாள், அவளுக்கும் ஓட்டத் தெரியாது, ஆனால் நன்றாகத் திட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டது செரிக்க நடந்துட்டு வரேன் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், அந்த நேரத்தில்தான் நான் ஓட்டிப் பழகுவேன். ஊரே திரும்பிப் பார்க்குமே என்ற கூச்சத்தில் நேற்று சலங்கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு எடுத்தேன். பாலக்கரை தாண்டி ஒரு மாட்டு வண்டி குறுக்கே வர, ஓரமாக நிறுத்தினேன். எதிரே பொன்னாயி வைத்திருக்கும் எஸ்டிடி பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் அப்பா. வீட்டில் போன் இருக்கும்போது இவருக்கு இங்கே என்ன வேலை என்பதற்கு ராசாத்தி என் காதில் சொன்னதை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொட மாட்டார். அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னாலிருந்து தெரிந்த தாடை அசையவில்லை. பிறகு வைத்தார், பணம் கொடுத்தார், எங்களைப் பார்க்காமலே நடந்தார். சத்தமில்லாத கார் வாழ்க.

நான் யாரிடமும் போய்க் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நேற்று இறங்கிப் போய்க் கேட்டேன். பொன்னாயி, அத ஏன் கேக்குறீங்க, ஞாயித்துக்கெழம தவறாம வருவாரு, அந்தப் பக்கம் ஒரு பொண்ணு அலோ அலோங்கும், இவரு வாயே தொறக்க மாட்டாரு, அது வச்ச பொறவும் கொஞ்ச நேரம் காதுலயே வச்சிருப்பாரு என்றாள். பூத் நோட்டில் அவர் கூப்பிட்ட நம்பரைப் பார்த்தேன். காலண்டரில் நீ எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நம்பர். பூனா வேலைக்கு நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், போ, ஆனா இனிமே உங்கூடப் பேச மாட்டேன் என்று சொன்னாரே, அந்தச் சொல்லை மனிதர் இன்றுவரை மீறவில்லை. போன் பண்ண மாட்டேன் என்று சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்தவர், சலங்கை எங்கே என்றார். கழன்று விழுந்துவிட்டது என்றேன். அவரே புதுக் கயிறு போட்டுக் கட்டினார்.

அங்கே குளிர் விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. பொருள்விளங்கா உருண்டை பார்சலில் வரும், பல்லை நம்பிக் கடிக்காதே, உடைத்துச் சாப்பிடு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, அப்பாவுடையதை அவரைக் கேட்காமலே எழுதுகிறேன்.

இத்தனையும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். வருகிற ஞாயிறு மத்தியானம் போன் அடித்து அந்தப் பக்கம் பேச்சே இல்லையென்றால், வைத்துவிடாதே. அப்பா என்றும் கூப்பிடாதே, மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தால் அவர் வைத்துவிடுவார். கார் எப்படி ஓடுது என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
தேவயானி