ஊதிவிட்ட திருநீறு

அன்புள்ள மாமாவுக்கு, மாயக்காள் எழுதுறது. உடம்பு எப்படி இருக்கு? நேத்து போன்ல உங்களைத் திட்டுனது ஸ்பீக்கர்ல போய், இங்க நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கிற பெரியம்மா வீடே கேட்டிருச்சு. வெக்கமாப் போச்சு. மிச்சத்தை எழுதிடுறேன்.

கோச்சடை மதினி இருமிக்கிட்டே வந்து, திருநீறு பூசி உங்க நெத்தியில ஊதிவிட்டாகளாமே? நீங்களும் வாகாக் குனிஞ்சு காமிச்சீகளாக்கும்! வச்ச கிட்னி தங்கணும்னுதான மாத்திரை போட்டு உடம்புல எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு வச்சிருக்கு? அந்தச் சளி தொத்துனா நேரா நெஞ்சுல இறங்கிரும். என் வயித்தைக் கீறி எடுத்துக் குடுத்த கிட்னி, மாமா! உங்க அக்கா ஊதி அணைக்கவா குடுத்தேன்? லேசாக் காய்ச்சல் அடிச்சாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இனி யாரு வந்தாலும் மாஸ்க் போட்டு எட்டவே உக்காரட்டும். திருநீறைத் தாள்ல மடிச்சு வாங்கிக்கங்க.

கோயம்புத்தூருக்கு யாராச்சும் வந்தா உங்க பழைய சட்டை ஒண்ணு குடுத்துவிடுங்க. தலையணைக்கு உறை இல்ல.

இந்தக் கோவத்துல, பெரியம்மாவுக்காகப் போட்டிருந்த மாஸ்க்கைக் கழட்டாமலே காப்பி குடிச்சிட்டேன். சேலை மாத்தப் போறேன்.

மாயக்காள்