இரண்டு விதவைகள், ஒரே விடை

4-9-1962, செவ்வாய்
காலையிலிருந்து புழுதிக்காற்று. குழாயில் தண்ணீர் இல்லை. தேர்வுக்குப் பதின்மூன்று நாள்.

மார்ச் பி.யு.சி.: தமிழ் தேறினேன். சரித்திரம் தேறினேன். ஆங்கிலத்தில் தோல்வி. ஒன்பது வருடம் கான்வென்டில் படித்தவள், தெருவுக்கே தந்தி வாசித்துச் சொல்பவள், ஐம்பத்தொன்பது வயதில் ஆங்கிலத்தில் தோல்வி. ரா.விடம் ‘ரிசல்ட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெற்ற மகனிடம் பொய். இந்த முறையும் போனால் மூன்றாம் தடவை எழுதமாட்டேன்.

இன்று:
– ஆங்கிலப் புத்தகத்துப் பாட்டு. (கடலில் போன புருஷனுக்காக ஜன்னலில் விளக்கேற்றி வைக்கும் விதவை.) மனப்பாடம் சரிபார்க்க.
– கதை. (புருஷன் செத்த மூன்றாம் நாளே மாவு மில்லைத் திறக்கும் விதவை.) சுருக்கம்.
– இருவரையும் ஒப்பிட்டு ஒரு விடை.
– மூக்குக்கண்ணாடித் திருகு.

மாலை: விடை முடிந்தது. ஒன்பது பக்கம். ஓர் அடித்தல் இல்லை.

6-9, வியாழன்
வெயில். பேகம்பூர் காதர் பாய் வந்தார், தோல் வியாபாரம். மெட்ராஸிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். படித்தேன். “அம்மா வாயால கேட்டாத்தான் மனசு ஆறுது. அம்மாவுக்குத் தெரியாத இங்கிலீஷா?” ரா.வுக்குப் பெருமை, பக்கத்தில் நின்று சிரித்தான். அவர் போனபின் ஒன்பது பக்கத்தையும் மறுபடி படித்தேன்.

மார்ச்சில் என்ன பிழை செய்தேன் என்றே புரியவில்லை. யாரைக் கேட்பது? வீட்டிலேயே பி.யு.சி. முதல் தடவையில் தேறியவள் ஒருத்தி இருக்கிறாள். மருமகள் சரோஜா. கீரனூர்க்காரி. அவளுடைய ஆங்கில உச்சரிப்பை நாலு பேர் முன்னால் திருத்தியிருக்கிறேன்.

8-9, சனி
கேட்டுவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “கையெழுத்துப் புரியுதான்னு பாரு” என்று நோட்டைக் கொடுத்தேன். ஒன்பது பக்கமும் படித்தாள்.

“அத்தை, கோவிச்சுக்காதீங்க. இது ரெண்டு விடைங்க. அஞ்சு பக்கம் அந்தம்மா, நாலு பக்கம் இந்தம்மா. ஒருத்தரையொருத்தர் பாத்துக்கவே இல்லீங்களே.”

“சிஸ்டர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. ஆதியோட அந்தமா, ஒரு வரி விடாம.”

“அதுக்குத்தானுங்க மார்ச்சுல மார்க் போடலை.”

தெரிந்திருக்கிறது! மார்க் காகிதம் வந்த கவரைத் தபால்காரரிடம் வாங்கியவள் அவள்தான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்ததாம். மூன்று மாதமாக ரா.விடம்கூட வாய் திறக்கவில்லை.

“சரி, எப்படித்தான் ஒப்பிடணுங்கிற?”

“உங்களுக்குத் தெரியாததுங்களா? என்னையும் உங்க மகளையும் எப்படிச் சொல்லுவீங்க? ‘வசந்தா போட்ட காப்பி மணக்கும், இவ போட்டது கழுவுன தண்ணி. அவ சிரிச்சா பக்கத்து ரூமுக்குக் கேக்காது, இவ சிரிச்சா பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்கும்.’ ஒரே வரியில ரெண்டு பேரும் நிக்கறமல்லங்க? அப்படி எழுதோணும், அம்புட்டுத்தானுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கீரைத் தண்டுகளை மட்டும் தேவைக்குமேல் சின்னதாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். ‘திமிர்’ என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன்.

9-9, ஞாயிறு
தாளை நடுவில் மடித்தேன். இடது பாட்டு, வலது கதை.
அழுகை – இவள் ஊர் கேட்க. அவள் மில் இரைச்சலுக்குள்.
கை – இவளுடையது விளக்கில், அவளுடையது மாவில்.
பிள்ளைகள் – கதையில் மூன்று பேர், மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். பாட்டில்?

சரோஜாவிடம் காட்டினேன். “அதானுங்க, அந்தம்மா விளக்குக்கு எண்ணெய் ஊத்துறாங்க. சோறு யாருங்க வடிக்கிறாங்க?”

எனக்கு இதுவரை மில்காரியைப் பிடித்ததில்லை. காரியம்கூட முடியாமல் கடை திறந்தவள் என்று கோபம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபின் அப்படித் தோன்றவில்லை.

ரா.வின் அப்பா போனபோது நாற்பது நாள் அறையை விட்டு வரவில்லை நான். அப்போது சரோஜா கல்யாணமாகி வந்து ஐந்து மாதம். சோறு யார் வடித்தார்கள் என்று இன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

பூண்டு வாங்க.

17-9, திங்கள்
மதுரை. ரா.விடம் ‘கண் டாக்டர்’ என்று சொன்னேன். இரண்டாவது பொய். ரயிலில் கூட்டம். புளிச்சோறு சரோஜா கட்டியது, உப்பு சரியாக இருந்தது.

ஹாலில் நுழைந்ததும் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், கண்காணிக்க வந்தவள் என்று நினைத்து. “உக்காருங்கம்மா, நானும் எழுதத்தான் வந்தேன்.” பின்னால் ஒருத்தி: “ஏடி, எங்க அப்பத்தா வயசுடி!”

ஒப்பீட்டுக் கேள்வி வந்தது. நாலே பக்கம். வரிக்கு வரி இருவரும். அடித்தல் ஆறு. கடைசிக் கேள்வி பாதியில் மணி அடித்துவிட்டது. தேறுவேனா, தெரியாது.

18-9, செவ்வாய்
தூறல். மத்தியானம் சாப்பிடும்போது ரா.: “அம்மா, அந்த ரிசல்ட்டை இன்னும் என்னதான் பண்றாங்கெ? நான் வேணா யுனிவர்சிட்டிக்கு ஒரு கடுதாசி போடவா?”

“வேணாம். அது வந்து மூணு மாசமாச்சு. இங்கிலீஷ்ல ஃபெயில். நேத்துப் போனது டாக்டர்ட்ட இல்லை, மறுபடி எழுதிட்டு வந்தேன். உன் பொண்டாட்டிதான் சொல்லிக்கொடுத்தா.”

சிரித்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“நெசமாவா?”

“நெசந்தானுங்க. என்னைக் காட்டியும் அத்தை நல்லா எழுதறாங்க.”

மிகை. திருத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.