ஆரணியின் கோப்புறை மட்டும்

நவம்பர் 8, சனி

மூடுபனி. சுவிஸின் இந்த டீட்டிகோனில் வெயில் கண்டு கனநாள். இன்று கமெரா வேலை இல்லை. கல்யாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை.

செய்ய:
– நிலவறைக் கெல்லரில் சேர்வர் பெட்டிக்குத் தூசு தட்ட
– கறிவேப்பிலை, பால்
– சிநேகிதன் ரமணனுக்குப் போன்

பெட்டியில் மஞ்சள் லைட். நாலு டிஸ்க்கில் ஒன்று போய்விட்டது. நான் எடுத்த அத்தனை வீடியோவும் அதற்குள்தான். கிடங்கு வேலை சோறு போட்டது, மற்றதெல்லாம் கமெரா.

ரமணன்: "இன்னொண்டும் போனால் முழுக்கப் போச்சு அண்ணை. எப்பிடிப் பேசாமல் இருக்கிறியள்?"

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பால் வாங்க மறந்துபோனேன்.

நவம்பர் 9, ஞாயிறு

லாங்கன்தாலில் இருந்து ரமணன் வந்தான். வேலை சேர்வர்களோடுதான் அவனுக்கு. முதலில் எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு ஏற்றிவிட்டு, பிறகு புது டிஸ்க் போடலாம் என்றான். இனி ஒவ்வொரு இரவும் தானாகவே பிரதி போகும். நான் தொடவே தேவையில்லை. நல்லது.

மத்தியானம் புட்டு. என் மனைவி விஜி போனில் ஆரணியோடு. ஆரணி எங்கள் மகள், ஃப்ரிபூர்க்கில் படிக்கிறாள். தாயோடு மட்டும் கதைப்பாள்.

விஜி: "இஞ்சேருங்கோ, தன்ர சாமத்திய வீட்டு வீடியோ ஒரு இடத்துக்கும் போகக்கூடாதாம்."

"அது லேசு" என்றான் ரமணன். அந்தக் கோப்புறையை விட்டுவிட்டு ஏற்று என்று கணினிக்கு ஒரு வரி எழுதினான். ஏன் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு வயதில் அவளுக்குப் பூப்புச் சடங்கு. அதில் ஒரு துண்டை வெட்டி, விளம்பரத்துக்கு என் இணையப் பக்கத்தில் போட்டேன். வகுப்புப் பெடியள் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். பக்கத்தில் அழித்தேன். சேர்வரில் கை வரவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல வீடியோ அது. அன்றைக்கு மண்டபத்து வெளிச்சம் அப்படி.

நவம்பர் 18, செவ்வாய்

ஏற்றி முடிந்தது. பச்சை எழுத்தில் ஒரு வரி. பார்த்தேன், மூடினேன்.

ரயிலில் பின்சீட்டில் இரண்டு பேர். "ரெண்டு மணித்தியால வீடியோ. ஆர் இருந்து பாக்கிறது?" "ஒருத்தரும் பாக்கிறேல்லை. ஆனால் எடுக்கத்தானே வேணும்." என் வேலையைப் பற்றித்தான். கோபம் வரவில்லை.

நவம்பர் 19, புதன்

சிவப்பு லைட். இரண்டாவது டிஸ்க்கும் போச்சு. புது டிஸ்க் இன்னும் தபாலில்.

ரமணன் வேலை முடிந்து வந்தான். "யோசிக்காதேங்கோ அண்ணை, எல்லாம் மேலை இருக்கு." சோதிக்க ஒரு செத்தவீட்டை இறக்கினான். திறந்தது. அழுதவர்கள் அப்படியே அழுதுகொண்டிருந்தார்கள். ஊரார் பிள்ளைகள் எல்லாரும் பத்திரம். என்னுடையது மட்டும் இல்லை.

செத்த டிஸ்க்குகளை அவன் கொண்டுபோனான்.

நவம்பர் 20, வியாழன்

பின்னேரம் போன். திரையில் ஆரணி. விஜியின் போன் என்று நினைத்தேன். என்னுடையதுதான்.

"அப்பா. அழிச்சிட்டியளாம். அம்மா சொன்னவா."

"ம்."

"மெர்சி, அப்பா." நன்றிக்கு அவளின் சொல் அது. "நத்தார் விடுமுறைக்கு வாறன். என்ர அறை இருக்கோ?"

"இருக்கு."

வைத்த பிறகு விஜியைப் பார்த்தேன். விஜி: "நான் அது இப்ப இல்லை எண்டுதான் சொன்னனான். நீங்கள் அழிச்சதெண்டு அவளாய் நினைச்சிட்டாள். விடுங்கோ."

விட்டேன். சாப்பிட்டேன். என்ன கறி என்று நினைவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

கட்டிடத்துப் பொது மெஷினில் தோய்க்கும் முறை இன்று எங்களுக்கு. ஆரணியின் கட்டில் விரிப்பைப் போட்டேன். மேல்வீட்டு மனுசி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கேயே ரமணனின் போன். குரலில் சந்தோசம். நான் கேட்காமலே டிஸ்க்குகளை ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். "அந்த ஒரு கோப்புறையையும் எடுக்கலாமாம் அண்ணை. எடுக்கச் சொல்லவோ?"

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. மண்டபத்து வெளிச்சம் நினைவில் வந்தது. அவள் நிமிர்ந்து கமெராவைப் பார்க்கும் இடம். பார்க்கச் சொன்னது நான்.

"வேண்டாம். டிஸ்க்கை உடைக்கச் சொல்லு."

"அண்ணை, அது உங்கட பிள்ளையின்ரை எல்லோ?"

"ஓம். அதாலைதான்."

இரவாகியும் விரிப்பு இன்னும் காயவில்லை.