ஆற்றுக்கே வந்துவிடுகிறேன்

லஃபாயெட், லூசியானா
மார்ச் 6, 1978

அன்புள்ள ஓடேல்,

இடுப்பு வலி தேவலையா? இங்கே நம் மகள் கிளமான்ஸ் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் மாட்டி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருப்பதில்லை. ஜன்னலைத் திறந்தால் கார்கள்தான். தவளைச் சத்தமில்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஆறு ஏறிவிட்டதா? நான் வந்துவிடட்டுமா?

உன்
எவாரிஸ்ட்

படகுவீடு
மார்ச் 14

எவாரிஸ்ட்,

ஆறு மரங்களுக்குள் புகுந்துவிட்டது. கொட்டுகிற மழையில் படகுவீட்டுக் கயிறுகளை நானே அவிழ்த்து உயரக் கட்டினேன், உள்ளங்கை உரிந்துவிட்டது. இரண்டு கோழிகளை முதலை கொண்டுபோய்விட்டது. வலையில் கெளுத்தி நிறைய விழுகிறது, இழுக்கத்தான் ஆளில்லை. நீ வந்து என்ன செய்யப் போகிறாய்? இந்தச் சதுப்பில் மெஷினுக்கு எங்கே போவது? சொன்னபடி கேட்டு அங்கேயே இரு.

ஓடேல்

லஃபாயெட்
மார்ச் 21

அன்புள்ள ஓடேல்,

மெஷினை விட்டுவிட்டுத்தான் வருவேன். டாக்டரிடம் கேட்டேன். "நிறுத்தினா ஒரு வாரமோ ரெண்டு வாரமோ, அவ்வளவுதான்" என்றார். கிளமான்ஸ் அழுதாள். "உனக்கென்னப்பா, போய்ப் படுத்துக்குவ. அம்மாதானே எல்லாம் பாக்கணும்? அவளைக் கேட்டியா?" என்றாள். அதுவும் நியாயம்தான். அதனால் கேட்கிறேன். நீ வேண்டாமென்றால் இங்கேயே கிடக்கிறேன். கோபப்பட மாட்டேன்.

எவாரிஸ்ட்

படகுவீடு
மார்ச் 27

எவாரிஸ்ட்,

உன் கடிதத்தைப் படகுத்துறைக் கடைக்காரன் தியோஃபில் கொண்டுவந்தான். "கிழவன் எப்ப வரான்? சீட்டாட ஆளில்லாம கை அரிக்குது" என்றான். "வாயை மூடிக்கிட்டுப் படகைத் திருப்பு" என்று விரட்டினேன். படித்த பிறகு அவனை விரட்டியிருக்க வேண்டாமென்று தோன்றியது. பக்கத்தில் யாராவது இருந்திருக்கலாம்.

எனக்கு அலுத்துவிட்டது. உன்னைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், அப்புறம் இந்த வெள்ளத்தில் உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதையெல்லாம் நினைத்து, வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

வா. கிளமான்ஸும் கூட இருந்தாக வேண்டும், ஒருத்தியால் முடியாது என்று சொல். சனிக்கிழமை காலையில் துறையில் படகோடு நிற்பேன். இறங்குமிடம் முழுகிக் கிடக்கிறது, பூட்ஸ் போட்டுக்கொள்.

மெஷினில் மாட்டியதிலிருந்து உனக்கு உப்பே கொடுப்பதில்லையாமே. இங்கே உப்புப் போட்டே மீன் வறுக்கிறேன். வயிறாரச் சாப்பிடு.

உன்
ஓடேல்