முந்தல் பாதைச் சுமைதாங்கி

ஜூலை 14, திங்கள்

காலையிலேர்ந்து சாரல். மஞ்சள் எனாமல் நாலு டின் தனியா எடுத்து வச்சாச்சு. முந்தல்லேர்ந்து போடிமெட்டு வரைக்கும் பாறையில அம்புக்குறி போடுறது என் பொறுப்பு. பெயிண்ட் கடைக்காரி, வேற யாரு? சுகருக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். அந்த நடைதான் பாதைக் கமிட்டியில கொண்டுவந்து விட்டுருச்சு.

தலைச்சுமையா ஏலக்காய் இறங்கின பாதை. ரோடு வந்தப்புறம் புதர் மூடிப்போச்சு. இப்ப ரெண்டு மாநிலத்து ஆளுகளும் நடக்கிற மலைப்பாதையாகுது. ஞாயித்துக்கிழமை திறப்பு. கேரளாப் பக்கத்துப் பூப்பாறைக்காரங்க மேலேயிருந்து இறங்குவாங்க, நாங்க ஏறுவோம்.

சாயங்காலம் ராசம்மாக்கா போன். பூப்பாறைக் குழுவைக் கூட்டிட்டு வர்றது அவங்கதான். ஏலக்காய்த் தோட்டத்துல வேலை பாக்குறவங்க.

"ஜெயா, கல்லைக் கழுவி வையி கேட்டியா. விளக்குக்கு எண்ணெய் நான் கொண்டாறேன்."

ரெண்டாம் வளைவுச் சுமைதாங்கியைச் சொல்றாங்க; தலைச்சுமையை இறக்கி வைக்க ரெண்டு தூண் கல்லு, அதுமேல ஒரு பலகைக்கல். அவங்க அத்தை நிறைமாசமா சுமையோட ஏறும்போது அங்கனயே விழுந்து செத்துப் போனவ. அவளுக்காக நட்ட கல். போட்டோகூடக் கிடையாது. கல் மட்டும்தான்.

ஜூலை 16, புதன்

கமிட்டி. ஆறிப்போன வடை. தொப்பி நிறத்துக்கே ஒரு மணி நேரம்.

கடைசியில தலைவர்: "சுமைதாங்கி அம்புட்டு மேல இருந்தா யாரு பாப்பாக? கீழ நுழைவு ஆர்ச்சுகிட்ட வச்சா வர்றவுக போட்டோ எடுப்பாக."

"அந்தப் பொண்ணு செத்த எடம்ணே அது. அங்கன இருந்தாத்தான் அர்த்தம்."

"ஆத்தா, நல்லதுக்குத்தான சொல்றேன். சரி, ஞாயிறு முடியட்டும். பூப்பாறைக்காரகளையும் கேட்டுக்குவோம்."

நம்பி வந்துட்டேன். மினிட்ஸ்ல எழுதச் சொல்லியிருக்கணும்.

ஜூலை 18, வெள்ளி

காத்து. தலையில துண்டு நிக்கலை. முதல் வளைவு அம்புக்குறி நல்லா வந்துச்சு.

ரெண்டாம் வளைவுல கல் இல்லை. ரெண்டு குழி. குழியில தண்ணி. டிராக்டர் டயர் தடம்.

பிரஷ்ஷோடயே கீழ ஓடினேன். ஆர்ச் பக்கத்துல மேல்பலகை ரெண்டா உடைஞ்சு கெடக்கு. டிரைவர் என் முகத்தைப் பாக்கலை. "சங்கிலி வழுக்கிருச்சுக்கா."

தலைவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "சிமெண்ட் வச்சு ஒட்டி மேல பெயிண்ட் அடிச்சா தெரியாதுத்தா. உன் கடையிலதான் இருக்கே."

மத்தியானம் சாப்பிடலை. ராசம்மாக்காவுக்கு ரெண்டு தடவை நம்பர் போட்டுட்டு கட் பண்ணினேன். மூணாந்தடவை சொல்லிட்டேன்.

"குழியை மூடிட்டாகளா?"

"இல்லக்கா."

"மூட வேணாம்னு சொல்லு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

தூறல். மேளம், பச்சைத் தொப்பி, பிரியாணி அண்டா. பலகையை ஒட்டி ஆர்ச்சுகிட்ட கல்லை நிறுத்திட்டாங்க. பெயிண்ட் வேற கடையில வாங்கியிருக்காங்க. ரிப்பன் வெட்டுறதுக்கு நான் நிக்கலை. முன்னாடியே ரெண்டாம் வளைவுக்கு ஏறிட்டேன்.

பத்து மணி வாக்குல பூப்பாறைக்காரங்க இறங்கினாங்க. நல்ல கூட்டம், சிரிப்பு. பாதை உயிரோட இருக்கிறதைப் பாத்து ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. கடைசியா ராசம்மாக்கா, குச்சி ஊனிக்கிட்டு. மத்தவங்களை முன்னால போகச் சொன்னாங்க.

செருப்பைக் கழட்டிட்டு குழிகிட்ட உக்காந்தாங்க. விளக்கு காத்துல நிக்கலை. நான் குடை பிடிச்சும் நிக்கலை. எண்ணெயைக் குழித் தண்ணியிலேயே ஊத்தினாங்க.

"மன்னிச்சிருங்கக்கா."

"நீ என்னடி செய்வ." எண்ணெய்க் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, "அத்தை பேரே சொல்லலையே உன்கிட்ட. வெள்ளைத்தாயி."

"கீழ போவோமாக்கா? உங்களுக்கு மாலை போடணும்னு இருக்காங்க."

"அங்கன என்ன இருக்கு எனக்கு?"

எந்திரிச்சாங்க. வந்த வழியே ஏற ஆரம்பிச்சாங்க. கூட வரவான்னு கேட்டேன். திரும்பாம கையை மட்டும் ஆட்டினாங்க. நேத்து நான் போட்டு முடிச்ச மஞ்சள் அம்பு ஒவ்வொண்ணும் அவங்களுக்கு வழி காட்டிக்கிட்டு நிக்குது, மேலே.

கீழே மைக்ல அவங்க பேரைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. பூப்பாறை ராசம்மா அவர்கள், எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.