குதிகால் சத்தம்

குலாய், ஜொகூர், மலேசியா
2 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் பிள்ளை அனமும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூவம்மா அக்கா தேக்காவில் பூக்கட்டும் வேலைக்குத் தினமும் எல்லை தாண்டி வருகிறவர். பதிலை அவரிடமே கொடுங்கள்.

அங்கே அடுக்குமாடி மூவறை வீட்டில் உங்கள் அண்ணன் குடும்பத்தோடு எட்டுப் பேராக நெருக்கியடித்துக்கொண்டு இருந்துவிட்டு, இந்த வாடகை வீட்டின் அமைதியில் முதல் நாள் எனக்கே பயமாகத்தான் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

ஒன்றுதான் உறுத்துகிறது. இது தரைவீடு. அப்படியும் அனம் நுனிக்காலில்தான் நடக்கிறாள். அங்கே கீழ்வீட்டுக்காரர் கம்பால் தட்டுவாரே, அதற்குப் பயந்து நீங்கள் பழக்கிவிட்ட நடை. "கீழ யாருமே இல்லம்மா" என்றேன். "எப்ப வருவாங்க?" என்று கேட்கிறாள்.

இரண்டு மாதம் இருந்து பார்த்து முடிவெடுக்கலாம் என்றீர்கள். நாங்கள் மட்டும் பார்த்தால் போதுமா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாருங்கள்.

உங்கள் பரீதா


தேக்கா, சிங்கப்பூர்
9 ஜூன் 2025

அன்புள்ள பரீதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பெருநாளுக்கு வரவில்லை என்று கோபமாக இருப்பாய். தொழுகை முடிந்த கையோடு கிளம்பினேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூன்று மணி நேரம் நின்றேன், வரிசை நகரவே இல்லை. திரும்பிவிட்டேன். அனமுக்கு வாங்கிய கவுன் பையிலேயே இருக்கிறது.

அங்கே குடிவந்தால் நான் தினமும் இந்த எல்லையைத் தாண்டி வந்துதான் இங்கே என் கடையைத் திறக்க வேண்டும். விடியுமுன் கிளம்பினால், திரும்பும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். ஜனவரியில் அவளுக்கு முதலாம் வகுப்பு. சிங்கப்பூர்ப் பள்ளி வேண்டுமென்றால் அவளும் அல்லவா வரிசையில் நிற்க வேண்டும்?

நடையைப் பற்றி எழுதியிருந்தாய். அது நல்ல பழக்கம்தானே. எனக்கும் என் அத்தா அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

ரமீஸ்


குலாய்
22 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

செவ்வாய்க்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் அனம் தடதடவென்று ஓடினாள். குதிகாலை ஊன்றி, வீடே அதிர ஓடினாள். சட்டென்று நின்று என் முகத்தைப் பார்த்தாள், திட்டு விழும் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் நானும் கூட ஓடினேன். முப்பத்தாறு வயதில் உங்கள் மனைவிக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

இங்கே ஒரு தனியார் பள்ளியில் இடம் இருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தகப்பன் கையெழுத்து வேண்டுமாம்.

நீங்கள் படும் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் ஓடியதை நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

பரீதா


தேக்கா
13 ஜூலை 2025

அன்புள்ள பரீதாவுக்கு,

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இங்கே தோ பாயோவில் நான் படித்த பள்ளியிலேயே அனமுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். நாள் தவறினால் இடம் போய்விடும் என்று பயந்துவிட்டேன். உன் படிவம் கையெழுத்தில்லாமல் அலமாரியில் இருக்கிறது.

இன்னொரு செய்தி. அண்ணன் தனி வீடு பார்த்துப் போய்விட்டார். அந்த அறைக்கு நானே மஞ்சள் வண்ணம் அடித்தேன். தரை முழுக்கக் கம்பளம் விரித்திருக்கிறேன், இனிச் சத்தமே கேட்காது. நெருக்கடி என்றுதானே போனாய்? இப்போது இடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பிள்ளையை அழைத்துவந்து அறையைப் பார்.

ரமீஸ்


குலாய்
21 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தோம். அறை அழகாக இருந்தது. நகத்தில் இன்னும் மஞ்சள் ஒட்டிய விரல்களை நீங்கள் பின்னால் மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன். திரும்பி வந்துவிடலாம் என்று என் மனம் பாதி இளகியது உண்மை.

ஆனால் அனம் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே குதிகாலைத் தூக்கிக்கொண்டாள். நீங்கள் "மெதுவா" என்று சொல்லவே இல்லை. அந்தக் கம்பளத்தின் மேலும் அவள் அப்படித்தான் நடந்தாள். நீங்களும் பார்த்தீர்கள், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அவளை அங்கே கூட்டிவர என்னால் முடியாது, மச்சான். நீங்கள் இல்லாமல் இங்கே இருக்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டேன். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பரீதா


தேக்கா
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பரீதாவுக்கு,

அன்று உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கதவைப் பூட்டிவிட்டு அடுப்படிக்கு நடந்தேன். பாதி வழியில் குனிந்து என் காலைப் பார்த்தேன். குதிகால் தரையில் படவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயது, வீட்டில் வேறு யாருமில்லை.

தோ பாயோ பள்ளியில் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அன்று கொடுக்க மறந்த கவுனோடு பூவம்மா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

நான் வருவேனா என்று கேட்கிறாய். நேற்றுக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, குதிகாலை ஊன்றி நடந்து பார்த்தேன். நாலே எட்டுதான் வைத்தேன். கீழேயிருந்து கம்பு தட்டியது. நின்றுவிட்டேன், பரீதா. அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

எனக்காகக் காத்திருக்காதே. அனம் ஓடினால் தடுக்காதே.

ரமீஸ்