பெருநாள் கவுன்களின் உள்பக்கம்

கோட்டைமேடு, கோவை
ஷவ்வால் பிறை ஆறு

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அத்தாவும் உன் தம்பி ரியாஸும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே, வெயில் ஆரம்பித்திருக்கும், பிள்ளைக்கு மோர் கொடு. பெருநாளன்று போனில் நீ, ஏம்மா குரலே செரியில்ல, ரியாஸ் எங்க பேசவே வரல என்று கேட்டாய். அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான், வீடு நிறைய ஆட்கள், நான் என்னத்தைச் சொல்வேன். தனியாகப் பேசினாலும் பாதியிலேயே நீ தம்பிக்குப் பரிந்துகொண்டு வருவாய், எனக்கும் கோபம் வந்து போனை வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு யாகூப் வெள்ளிக்கிழமை சார்ஜா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், முழுதும் படித்துவிட்டுப் பேசு.

நான் வீட்டிலேயே சட்டத்தில் துணியைக் கட்டி ஆரி ஊசியில் பூவேலை போடுவது உனக்குப் புதிதில்லை. இந்த நோன்புக்கு, ஆர்டர் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க ஊசிய மட்டும் புடிங்க என்று ரியாஸ் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனில் ஒரு பக்கம் திறந்தான், உம்மல் கைவேலை என்று என் பெயரையே வைத்தான், சின்னச் சின்ன டேக் அச்சடித்து வந்தான். அப்புறம் பார்க்க வேண்டுமே. யாரோ ஒரு நடிகை கல்யாணத்துக்குப் போட்ட பாவாடைப் படத்தை அனுப்பி, இதே மாதிரி ரெண்டு வயசுப் பிள்ளைக்கு, நாலே நாளில் வேண்டும் என்கிறார்கள். நாம் நோன்பு திறக்க உட்காரும் நேரம் பார்த்து என்னங்க ஆச்சு, என்னங்க ஆச்சு என்று ஒருத்தி பதினோரு முறை குரலை அனுப்புகிறாள். இவனோ எல்லோருக்கும் ஆகட்டுங்க, செஞ்சரலாங்க என்பான், முடியாது என்ற சொல்லே அவன் வாயில் வராது. ஒரு மாதத்தில் என் கையால் இருபது உருப்படி முடிந்தால் பெரிது, பெண் பிள்ளைகளின் கவுன் மட்டும் அறுபத்திரண்டுக்குத் தலையாட்டியிருக்கிறான். மீதியை என்னடா செய்வாய் என்றதற்கு, வெளியே ஆரி போடற பொம்பளைங்ககிட்ட பிரிச்சுக் குடுத்துட்டேம்மா என்றான். எந்தப் பெண்கள், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை கண்ணு. கேட்டால் வேலை என் தலையில் வந்து விழும் என்றுதான் கேட்காமல் இருந்தேன், அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இருபத்திரண்டாம் நோன்பன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு எழுகிறேன், வெள்ளகோவிலிலிருந்து நிதா என்று ஒரு பெண் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நோன்போடு பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறாள். சத்தம் போடவில்லை, பையிலிருந்து மயில் போட்ட பச்சைக் கவுன் ஒன்றை எடுத்து, ஏனுங்கக்கா, இது நீங்க போட்டதுங்களா என்று கேட்டாள். போன வருசம் எங்கக்கா மகளுக்கு நீங்க போட்டத உள்ளாற கைய உட்டுப் பாத்தனுங்க, மெத்துமெத்துன்னு இருந்துச்சு, இது முள்ளாட்டக் குத்துதுங்க என்று பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். சும்மா அளவு பார்க்கப் போட்டுவிட்டதற்கே நெஞ்செல்லாம் சிவந்து வரி வரியாகக் கிடந்தது. கவுனை உள்பக்கம் திருப்பினேன். வெள்ளை நூல் ஒரே சீராக ஓடுகிறது, ஒரு முடிச்சு இல்லை, பின்னால் விறைப்பாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. சுத்தமான மிஷின் வேலை. கழுத்தில் என் பெயர் போட்ட டேக்.

ரியாஸைக் கூப்பிட்டு அந்தப் பெண் முன்னாலேயே கேட்டேன். ஆமாம், ஆரி போடும் பெண்கள் யாரும் இல்லை, நாற்பத்து மூன்று கவுனும் மிஷினில் போட்டதுதான் என்றான், கண்கூட இமைக்கவில்லை. நான் சீ என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா. நீங்க மட்டும் பொய் சொல்லலீங்களாம்மா, துணியவே வெட்டாம, இஸ்திரி போடறதுதான் பாக்கிங்கன்னு எத்தன பேருகிட்டச் சொல்லீருக்கீங்க, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுத்தான வளந்தேன் என்றான். அவன் மேல் வந்த அருவருப்பு அப்படியே திரும்பி என் மேலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அத்தாவிடம் போய்ச் சொன்னால், ஊரே அப்பிடித்தான் ஓடுது புள்ள, பெருநா முடியட்டும் உடு என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நிதாவிடம் நான் உள்ளதைச் சொன்னேன். இன்னும் இருக்கிற நாளில் என் கையால் கழுத்தைச் சுற்றி ஒரு கொடி மட்டும்தான் வரும், நெஞ்சில் மயில் வராது, ஆசை காட்ட மாட்டேன் என்றேன். அவள் மகளைப் பார்த்தாள், மயில் வேண்டாமுங்கக்கா, குத்தாம இருந்தாச் செரி என்றாள். அன்றே துணியை வெட்டி உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் ரியாஸிடமிருந்து பட்டியலை வாங்கி மிச்ச நாற்பத்திரண்டு பேருக்கும் நானே போன் போட்டேன். உங்களுக்கு வந்தது என் கைவேலை இல்லை, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுங்கள், காத்திருந்தால் பெருநாளுக்கு அப்புறம் போட்டுத் தருகிறேன் என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். சத்தியமங்கலத்துக்காரி ஒருத்தி, நோன்பு முடியப் போறப்ப சொல்றீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லீங்களா என்று கேட்டாள். அது நியாயம், அந்தத் திட்டை வாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது மற்றவர்கள் சொன்னது. உள்பக்கத்த யாருங்க பாக்கப் போறாங்க, போட்டோல நல்லா வந்தாப் பத்தாதுங்களா என்று சிரிக்கிறார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருத்தி, டேக்க மட்டும் எடுத்துப்போடாதீங்க, நாத்தனார்கிட்டக் கைவேலைன்னு சொல்லிப்போட்டனுங்க என்று கெஞ்சினாள். அவளுக்குத் தேவை என் வேலை இல்லை, என் பெயர் போட்ட அந்த ஒரு அங்குலத் துணி. நாற்பத்திரண்டு பேரில் திருப்பிக் கொடுத்தது ஏழே பேர். இவர்களுக்கா கண்ணாடிக்கு மேல் கண்ணாடி மாற்றினேன், இவர்களுக்கா குனிந்து குனிந்து கழுத்து எலும்பைத் தேய்த்துக்கொண்டேன் என்று வெறுத்துப்போய்விட்டது. ரியாஸ் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், பாத்தீங்களா என்கிற மாதிரி ஒரு முகம். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இருபத்தெட்டாம் நோன்பன்று நிதா மகளின் கவுனில் கொடி முடிந்தது. நீயே கொண்டுபோய்க் கொடு, கூரியர் கீரியர் வேண்டாம் என்று ரியாஸை வெள்ளகோவிலுக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். நோன்பு திறந்த பிறகுதான் திரும்பினான். கஞ்சியைக் குடித்துவிட்டு அவனாகவே, அந்தப் புள்ள போட்டுட்டுக் கழட்டவே மாட்டீங்குதும்மா என்று மட்டும் சொன்னான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பக்கத்தில், கைவேலை மாசம் இருபதுதான், மத்ததெல்லாம் மிஷின் வேலை என்று அவனே எழுதிப் போட்டான். மிஷின் வேலையை நான் விடப் போவதில்லை என்று அத்தாவிடம் சொல்லியிருக்கிறான். விற்கட்டும். மிஷின் வேலை கேவலமில்லை, அதைக் கையால் போட்டது என்று சொல்வதுதான் கேவலம். ஆனாலும் சோறு போடும்போது இன்னும் அவன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை, நாளாகும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உன் சிநேகிதிகள் ஒன்பது பேரின் பிள்ளைகளுக்குக் கவுன் வரும் என்று நீ என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டாய், ரியாஸும் சரி என்றுவிட்டானாம். பழைய பாக்கியும் ரியாஸ் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற ஆர்டரும் போக என்னால் மூன்றுதான் முடியும். எந்த மூன்று என்று நீ முடிவு பண்ணு, மற்ற ஆறு பேரிடம் இல்லை என்று இப்போதே சொல்லிவிடு, பெருநாள் வரைக்கும் இழுக்காதே. சொல்லும்போது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதே. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

அல்லாஹ் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் நோய் நொடி அண்டாமல், நாக்கில் உண்மையோடு வைக்கட்டும். யாகூப்பிடம் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், ஈரக் கரண்டியைப் போடாதே. பேத்திக்கு என் முத்தம்.

உன் அம்மா
உம்மல் குல்சும்